இராமநாதபுரம் கடற்கரைக்கு ஒரு கால்நடை அவசர சிகிச்சை மருத்துவமனை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "மதுரைக்குக் கொண்டுபோங்க" என்ற சொல்லைக் கேட்காமல் இராமநாதபுரம் மாவட்டத்தில் எவரும் வளர்ந்திருக்க முடியாது. விபத்தானாலும், நெஞ்சுவலியானாலும், சிக்கலான பிரசவமானாலும் அந்தச் சொல்தான் எங்களுக்குக் கிடைத்த மருத்துவமாக நெடுங்காலம் இருந்தது. 2022ஆம் ஆண்டு சனவரியில் மாவட்டத் தலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்ட பிறகு, மனிதர்களுக்கு அந்த நிலை மாறி வருகிறது. எங்கள் ஆடுமாடுகளுக்கு மாறவில்லை. அவற்றுக்காக இக்கடிதத்தை எழுதுகிறேன்.

திருப்புல்லாணி வட்டாரத்தில் நான்கு மாடுகளும் சில வெள்ளாடுகளும் வைத்துப் பிழைப்பவன் நான். எங்கள் ஊர்ப் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கத்தில் பல ஆண்டுகளாகப் பொறுப்பிலும் இருக்கிறேன். சென்ற கார்த்திகை மழையில், இரண்டாம் ஈற்றுக்கு நிறைமாதமாக இருந்த எங்கள் மாடு பிற்பகலிலேயே நோவெடுத்தது. படுப்பதும் எழுவதுமாக ஆறு மணி நேரம் தவித்தும் நீர்க்குடம் வெளியே தெரியவில்லை. இரவு பத்து மணிக்கு, கொட்டும் மழையில், எங்கள் பகுதியின் கால்நடை உதவி மருத்துவர் தம் இருசக்கர வண்டியில் வந்து சேர்ந்தார். தோள்வரை கையுறை மாட்டிக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தில் சோதித்தவர், கருப்பை முறுக்கிக்கொண்டிருக்கிறது என்றார். மாட்டைக் கயிறு கட்டிப் படுக்கவைத்து, விலாவின்மேல் ஒரு நீளப் பலகையைச் சாய்த்து, அதன்மேல் ஓர் ஆளை நிற்கச் சொல்லி, முறுக்கு விழுந்திருக்கும் திசையிலேயே மாட்டை மெல்லப் புரட்டினோம். பலகை வயிற்றையும் கன்றையும் அசையாமல் பிடித்துக்கொள்ள, உடல் மட்டும் சுழன்று முறுக்கு அவிழும் என்பது அந்த முறை. மூன்று தடவை புரட்டியும் அவிழவில்லை. வயிற்றைத் திறந்து கன்றை எடுப்பதொன்றே வழி என்று அவர் சொன்னார். அதற்கு வேண்டிய வெளிச்சம், பயிற்சி பெற்ற உதவியாளர்கள், தூய்மையான இடம், பாட்டில் பாட்டிலாக ஏற்ற வேண்டிய மருந்துநீர் ஆகியவற்றில் எதுவும் எங்கள் தொழுவத்தில் இல்லை.

நள்ளிரவுக்குமேல் ஒரு குட்டியானை வண்டி கிடைத்தது. வைக்கோலைப் பரப்பி, மாட்டை ஏற்றி, வெளி மாவட்டத்திலுள்ள ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை அடைந்தபோது விடிந்து வெகுநேரமாகியிருந்தது. அறுவை செய்தார்கள். கன்று உள்ளேயே இறந்திருந்தது. இரத்த ஓட்டம் நின்றுபோன கருப்பை கறுத்திருந்தது. மாடு நான்காம் நாள் இறந்தது. அந்த மருத்துவர்கள்மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை; எங்கள் ஊர் மருத்துவர்மீது நன்றியைத் தவிர வேறொன்றும் இல்லை. மாட்டைக் கொன்றது சாலையின் தொலைவு என்றே இன்றளவும் எண்ணுகிறேன்.

அங்கே தங்கிய நான்கு நாட்களில் நான் கண்டவற்றைச் சொல்ல வேண்டும். ஊரில் ஒரே மருத்துவர் பிரசவமும் பார்க்கிறார், எலும்புமுறிவும் பார்க்கிறார், தடுப்பூசியும் போடுகிறார், பிரேதப் பரிசோதனையும் செய்கிறார். அங்கே வேலை பகுத்து நடந்தது. பிரசவமும் கருப்பை நோய்களும் பார்க்கும் ஈனியல் வல்லுநர் கருப்பையைச் சோதித்துக்கொண்டிருக்கும்போதே மருத்துவப் பிரிவிலிருந்து வந்தவர் நாடித்துடிப்பையும் உடலின் நீர்வறட்சியையும் கணித்து மருந்துநீரை ஏற்றினார்; அறுவைப் பிரிவினர் இடப்பக்க விலாவைச் சிரைத்து மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். அதே வளாகத்தின் இன்னொரு பக்கம், நாய்க்கு அறுவை நடக்கும்போது, கத்தி பிடித்தவரைத் தவிர மயக்கத்தை மட்டுமே கவனிக்கத் தனியாக ஒரு மருத்துவர் தலைமாட்டில் நின்றார். மாட்டுக்குப் பெரும்பாலும் அறுக்கும் இடத்தை மரக்கச் செய்தால் போதும். நாய்க்கும் பூனைக்கும் முழு மயக்கம் தேவைப்படுவதால், மூச்சையும் இதயத்தையும் நொடிக்கு நொடி பார்க்க ஆள் வேண்டும் என்று ஒரு மாணவர் எனக்கு விளக்கினார்.

இன்னொரு காட்சி மனத்தைவிட்டு அகலவில்லை. வரிசையில் முன்னால் காத்திருந்த பலரை விட்டுவிட்டு, கடைசியாக வந்த ஒரு நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். முணுமுணுத்தவர்களிடம் ஒரு மருத்துவர் பொறுமையாகச் சொன்னார்: பாம்பு கடித்து வந்திருக்கிறது, மற்றவை ஒரு மணி நேரம் தாங்கும், இது தாங்காது. வந்த வரிசையைப் பார்க்காமல் உயிரின் அவசரத்தைப் பார்த்து முறை வகுப்பதுதான் அவசர மருத்துவத்தின் முதல் வேலை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கும் மனிதர்களுக்குப் போடும் அதே நச்சுமுறி மருந்துதான் நாய்க்கும் மாட்டுக்கும் போடப்படுகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன்.

இந்த வல்லுநர்கள் எளிதில் உருவாகிறவர்கள் அல்லர். கால்நடை மருத்துவப் பட்டம் பெறவே பயிற்சிக்காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுகள் ஆகின்றன. அதன்மேல் அறுவை, மருத்துவம், ஈனியல் என ஒரு துறையை எடுத்து மேலும் இரண்டு ஆண்டுகள் முதுகலை படிக்கிறார்கள். அமெரிக்காவில் அவசர சிகிச்சையையே தனித் துறையாக 1989இல் ஏற்றுக்கொண்டார்கள்; அதில் வல்லுநராக, பட்டத்துக்குப் பிறகு ஓராண்டு பயிற்சியும், மேலும் மூன்றாண்டுகள் மருத்துவமனையிலேயே இருந்து பெறும் பயிற்சியும், கடுமையான தேர்வும் உண்டு. அதே 1989இல்தான் நம் மாநிலத்தில் கால்நடை மருத்துவத்துக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் தோன்றியது. அதற்கு அடித்தளமான சென்னைக் கல்லூரி 1903இலேயே தொடங்கப்பட்டது. படித்தவர்கள் நம்மிடம் இல்லாமல் இல்லை. அவர்கள் பணியாற்றும் இடங்கள் இந்தக் கரையிலிருந்து வெகுதொலைவில் இருக்கின்றன. இராமேசுவரத்திலிருந்து, கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ள ஒரத்தநாட்டுக்கோ, திருநெல்வேலிக்கோ, தேனிக்கோ மாட்டை ஏற்றிய வண்டி போய்ச் சேர நான்கு மணி நேரம் போதாது.

எங்கள் கரையின் நோய்களும் சற்றுத் தனித்தன்மை உடையவை. சீமைக்கருவேல முள் கண்ணில் பாய்ந்து வரும் வெள்ளாடுகளை எங்கள் சங்கத்து வாசலிலேயே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்; நுண்ணிய கண் அறுவை தெரிந்தவர் இருந்தால் பல ஆடுகளின் பார்வை தப்பும். கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கத்துக் கீதாரிகள், அதாவது ஊர் ஊராக ஆடு மேய்ப்பவர்கள், கிடையை ஓட்டிக்கொண்டு போகும்போது, அறுவடைக் களத்தில் குவிந்த நெல்லை ஆடுகள் வயிறுமுட்டத் தின்றுவிடுவது உண்டு. நெல் வயிற்றில் புளித்து அமிலமாகி, உடலின் நீரையெல்லாம் வயிற்றுக்குள் இழுத்து, ஒரு நாளுக்குள் ஆட்டைச் சாய்த்துவிடும். முப்பது ஆடுகள் ஒரே நேரத்தில் விழுந்தால் எதற்கு மருந்துநீர், எதற்கு ஆப்பசோடா, எதன் வயிற்றைத் திறந்து நெல்லை அள்ளுவது என்று முடிவெடுக்க, நான் அந்த மருத்துவமனையில் கண்ட முறை வகுக்கும் திறமைதான் வேண்டும். மாட்டுவண்டிப் பந்தயங்களில் கால் முறியும் காளைகள் வேறு. கண்டவற்றையெல்லாம் மேய்ந்து, நெகிழிப் பைகள் வயிற்றில் பந்தாகத் திரண்டு, அசைபோடுவதை நிறுத்திவிடும் ஊர் மாடுகள் இன்னொரு பக்கம்.

கடலையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் நிறைவடையாது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா 1986இல் 21 தீவுகளை உள்ளடக்கி அமைந்தது. கடல் பசுவும் கடல் ஆமைகளும் 1972ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளன. வலையில் அவை சிக்கினால் விலைமிக்க வலையையே அறுத்து அவற்றை விடுவிக்கும் மீனவர்கள் மண்டபத்திலும் பாம்பனிலும் இருக்கிறார்கள். ஆனால் ஆமை நம்மைப்போல நுரையீரலால் மூச்சுவிடுவது. வலைக்குள் வெகுநேரம் மூழ்கிக் கிடந்தால் செத்ததுபோலத் துவண்டு விடும், உயிர் மட்டும் உள்ளே ஒளிந்திருக்கும். அந்த நிலையில் அதை உடனே கடலில் விட்டால் மூழ்கிச் சாகும். தூண்டில் முள்ளை விழுங்கிய ஆமைக்கு அது எங்கே குத்தி நிற்கிறது என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். மீனைப் பற்றி ஆராயப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே மண்டபத்தில் மத்திய நிலையம் அமைந்த கரை இது. அதே கரையில், உயிரோடு ஒதுங்கும் ஓர் ஆமைக்கு அறுவை செய்ய வல்லுநர் ஒருவரை வனத்துறை தொலைவிலிருந்து எதிர்பார்த்திருக்க வேண்டிய நிலை இருக்கலாகாது.

இராமநாதபுரம் நகரம், மதுரை–தனுஷ்கோடி நெடுஞ்சாலையும் கிழக்குக் கடற்கரைச் சாலையும் கூடும் இடம். தொண்டியிலிருந்தும் சாயல்குடியிலிருந்தும் பாம்பன் தீவிலிருந்தும் இரண்டு மணி நேரத்துக்குள் வண்டி வந்து சேரும். மருத்துவமனை அங்கேதான் அமைய வேண்டும். எனினும் கட்டடத்தைவிட ஆட்களைப் பற்றியே எனக்குக் கவலை அதிகம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒருவர் வாரம் 48 மணி நேரம் பணியாற்றினால்கூட, ஒரு துறைக்கு எந்நேரமும் ஒருவர் இருக்க நான்கு பேர் தேவை. அறுவை, மருத்துவம், ஈனியல் என்ற மூன்று துறைகளுக்குப் பன்னிருவர். இந்தக் கணக்கைப் போடாமல் திறந்தால், பகலில் மட்டும் இயங்கி மாலையில் பூட்டப்படும் இன்னொரு கட்டடமே எங்களுக்கு மிஞ்சும். தொடக்கத்தில் அறுவையும் ஈனியலும் இரவுப் பணியில் இருந்து, மருத்துவப் பிரிவினர், அழைத்தால் உடனே வரும் தொலைவில் குடியிருந்தாலும் போதும். வரும் வல்லுநர்களுக்கு வளாகத்திலேயே குடியிருப்பு கட்டித் தருவது அதனால் முதல் செலவாக இருக்க வேண்டும்.

அதே அளவு முக்கியமானது ஊர் மருத்துவரோடு உள்ள பிணைப்பு. இப்படி ஊர் மருத்துவர் அனுப்பிவைக்கும் பரிந்துரை மருத்துவமனை என்றால் அவரைத் தாண்டிப் போகும் இடம் என்று சிலர் நினைக்கிறார்கள், அது தவறு. எங்கள் மாடு புறப்படும் முன்பே மருந்துநீர் ஏற்றப்பட்டு, என்ன கண்டார் என்ன செய்தார் என்ற குறிப்பு கையில் கொடுக்கப்பட்டு, தொலைபேசியில் தகவலும் போயிருந்தால், அங்கே இறங்கியதும் மறுபடி முதலிலிருந்து சோதிக்கும் நேரம் மிச்சமாகியிருக்கும். சிகிச்சை முடிந்து திரும்பும் கால்நடையைத் தையல் பிரிக்கும்வரை பார்க்கப்போவதும் அந்த ஊர் மருத்துவரே. 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் ஊர் தேடி வரும் நடமாடும் ஊர்தி பெரிய உதவிதான். ஆயினும் ஓர் ஊர்தி அறுவை அரங்காகிவிடாது, கால்நடையைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஓர் இடம் வேண்டும்.

மனிதர்களுக்கே மருத்துவர் போதாதபோது மாட்டுக்கு வல்லுநரா என்று கேட்பவர்களிடம் எனக்கு வருத்தமுண்டு. நான் இழந்த மாடு அறுபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியது. அதன் பாலில்தான் மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டினேன். கணவனை இழந்த பெண்களுக்கு நான்கு ஆடுகளே வங்கிக் கணக்காக இருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் உண்டு. பணக்கணக்கை விட்டுவிட்டாலும், நோவெடுத்து இரவு முழுவதும் வண்டியில் நின்ற அந்த மாடு என்னைப் பார்த்த பார்வைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

கால்நடை பராமரிப்புத் துறையின் மானியக் கோரிக்கை சட்டமன்றத்தில் அடுத்து வரும்போது, இந்த மருத்துவமனையும் அதற்கான பன்னிரண்டு வல்லுநர் பணியிடங்களும் ஒரே அறிவிப்பில் இடம்பெற வேண்டும் என்று அமைச்சரையும், எங்கள் மாவட்டச் சட்டமன்ற உறுப்பினர்களையும் தங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். எங்கள் சங்கத்தில் இதைப் பேசியபோது, சரக்கு வண்டி வைத்திருக்கும் மூவர் இரவு எந்நேரத்தில் அழைத்தாலும் எரிபொருள் செலவுக்கு மட்டும் கால்நடைகளை ஏற்றிச்செல்ல முன்வந்துள்ளனர். ஏற்றிச்செல்ல ஓர் இடம்தான் இப்போது எங்களுக்கு வேண்டும்.

இப்படிக்கு,
பால் உற்பத்தியாளர் ஒருவர்,
திருப்புல்லாணி வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.