ஸ்கிம்மர் கசிந்தால் கிணறுதான் வற்றும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கேரளா என்றாலே மழை கொட்டுகிற சீமை என்று நினைப்பவர்களுக்கு எங்கள் சித்தூர் தாலூகாவைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேன்பதி எல்லாம் மழை மறைவுப் பகுதி. தமிழ்நாட்டு ஆழியாற்றிலிருந்து மணக்கடவு வழியாக வர வேண்டிய 7.25 டி.எம்.சி. தண்ணீர் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று பேசியே எங்கள் கோடை கழிகிறது. இப்படிப்பட்ட மண்ணில் தென்னந்தோப்புக்கு ஒரு பண்ணை வீடு, அதில் ஒரு நீச்சல்குளம் என்று வந்துகொண்டிருக்கிறது. குளமே கூடாது என்று நான் சொல்லவில்லை, மோட்டார், பைப் வேலையோடு குளப் பராமரிப்பும் பார்த்துத்தான் என் குடும்பம் நடக்கிறது. ஆனால் கசிகிற குளத்தைக் கசிகிறது என்று தெரியாமலே மாதக்கணக்கில் நிரப்பிக்கொண்டிருக்கிறார்களே, அதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

குளத்துச் சுவரில் தண்ணீர் மட்டத்தில் ஒரு சதுர வாய் இருக்கும், ஸ்கிம்மர் என்பார்கள். மேலே மிதக்கிற இலை, பூச்சி, எண்ணெய்ப் பிசுக்கை மோட்டார் அதன் வழியாக இழுத்து உள்ளே இருக்கும் கூடையில் தேக்கும். மேற்குக் காற்று அடிக்கிற எங்கள் பக்கம் கிழக்குச் சுவரில் வைத்தால் குப்பை தானாகவே அங்கே போய்ச் சேரும். அந்தப் பெட்டி பிளாஸ்டிக், சுவரோ கான்கிரீட். பகல் வெயிலில் இரண்டும் ஒரே அளவில் விரிவதில்லை, ராத்திரியில் ஒரே அளவில் சுருங்குவதும் இல்லை. சில வருடத்தில் இரண்டும் சேரும் இடத்தில் தலைமுடி மாதிரி ஒரு கோடு விழும். சுற்றியுள்ள தளத்துக்கும் குளத்து விளிம்புக்கும் நடுவே இடைவெளி விடாமல் சிமெண்ட் போட்டு இறுக்கியிருந்தால் தளம் தள்ளித் தள்ளியே அந்தக் கோடு இன்னும் சீக்கிரம் வந்துவிடும்.

போன சித்திரையில் ஒரு பண்ணை வீட்டுக்குப் போனேன். தோப்பு முழுக்க மட்டை தொங்கிக் கிடக்கிறது, குளத்துக் கிழக்கு மூலையில் மட்டும் புல் கரும்பச்சையாக நிற்கிறது. "குளத்துல தண்ணி குறையுதா?" என்று கேட்டேன். "வெயிலுக்கும் காத்துக்கும் போகுதுங்கண்ணா, ஃப்ளோட் வால்வு இருக்குது, அதுவே நிரப்பிக்கும்" என்றார் காவல் பார்க்கும் தம்பி. எனக்கு அந்த ஃப்ளோட் வால்வு மேல்தான் கோபம். மேல்தொட்டிக்கு வைப்பதைப் போல குளத்துக்கும் வைத்துவிட்டால் எவ்வளவு போனாலும் மட்டம் மட்டும் அப்படியே நிற்கும், போர் மோட்டார் ராவும் பகலும் ஓடும், கசிவு யார் கண்ணுக்கும் படாது.

முதலில் அந்த வால்வை மூடச் சொன்னேன். ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரையே எடுத்து, உள்ளே கல் போட்டு, குளத்துப் படியில் வைத்து, வாளிக்குள்ளும் வெளியிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும்படி செய்து, உள்பக்கம் ஒரு கோடு, வெளிப்பக்கம் ஒரு கோடு போட்டேன். அன்றைக்கு யாரும் இறங்கக் கூடாது, மழையும் பெய்யக் கூடாது. வெயிலும் காற்றும் இரண்டுக்கும் பொது, அதனால் வாளியில் குறைந்தது ஆவியாகப் போனது, குளத்தில் அதைவிட அதிகமாகக் குறைந்தது கசிவு. 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் வாளியில் 6 மில்லிமீட்டர், குளத்தில் 26. மிச்சம் 20 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். குளம் 10 மீட்டருக்கு 5 மீட்டர், கணக்குப் போட்டால் நாளொன்றுக்கு 1,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரித் தண்ணீர் பன்னிரண்டே நாளில் மண்ணுக்குள் போகிறது. போட்ட குளோரினும் அதோடு போகிறது, பதிலுக்கு ஏறுகிற போர் தண்ணீரின் உப்பு டைல்ஸில் வெள்ளையாகப் படிகிறது.

இதே சோதனையை மோட்டார் ஓடும்போது ஒரு நாள், நிறுத்தி ஒரு நாள் என்று இரண்டு முறை செய்ய வேண்டும். ஓடும்போது அதிகம் குறைந்தால் குளத்துக்குத் திரும்பி வரும் பைப்பைச் சந்தேகப்படலாம். மோட்டாரை நிறுத்தி, நிரப்பாமல் விட்டால் மட்டம் ஸ்கிம்மர் வாயின் அடிவிளிம்பு வரை இறங்கி அங்கேயே நின்றுவிட்டால் கோளாறு அநேகமாக ஸ்கிம்மரில்தான். அதற்குக் கீழேயும் இறங்கிக்கொண்டே போனால் விளக்குக் குழி, அடி வடிகால் என்று வேறு இடத்தில் தேட வேண்டும்.

அங்கே மட்டம் வாயடியில் நின்றுவிட்டது. மறுபடி வாயின் பாதி உயரத்துக்கு நிரப்பி, மறுநாள் விடியற்காலையில், காற்று எழும்பும் முன்பே, மோட்டாரை நிறுத்தி அரை மணி நேரம் தண்ணீரை அசையாமல் விட்டேன். ஒரு டம்ளர் தண்ணீரில் கேசரி பவுடர் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, வாயைச் சுற்றி ஒவ்வொரு அங்குலமாகச் சொட்டு விட்டுக்கொண்டே வந்தேன். மூன்று பக்கம் சிவப்பு புகை மாதிரி அப்படியே மிதந்தது. இடது கீழ் மூலைக்கு வந்ததும் நூல் இழுத்த மாதிரி விறுவிறுவென்று உள்ளே போய்விட்டது. பக்கத்தில் குனிந்து பார்த்த அந்தத் தம்பி வாயே திறக்கவில்லை, நேராகப் போய் போர் மோட்டாரை அணைத்துவிட்டு வந்தார்.

அந்த மூலையில் ஏற்கெனவே யாரோ குளியலறைக்குப் பூசும் சிலிக்கானைப் பூசியிருந்தார்கள். விரலால் இழுத்ததும் பாம்புச் சட்டை மாதிரி முழுசாக வந்தது. ஈரத்தில் சிலிக்கான் பிடிக்காது, மிச்சம் ஒட்டியிருந்தால் அடுத்துப் பூசுவதும் பிடிக்காது. வெறும் சிமெண்ட் பூசினாலும் அதே இடத்தில் மறுபடி வெடிக்கும். வாய்க்குக் கீழே நாலு விரற்கடை வரை தண்ணீரை இறக்கி, ஸ்கிம்மர் வால்வை மூடிவிட வேண்டும், இல்லையென்றால் மோட்டார் காற்றை இழுத்துக் கெட்டுப்போகும். பழைய பூச்சைச் சின்ன உளியால் கொத்தி எடுத்து, கம்பி பிரஷ் போட்டுத் துடைத்துக் காயவிட்டு, தண்ணீருக்கடியிலும் இறுகுகிற இரண்டு பாக எபாக்சி பட்டி என்ற ஒட்டுப் பசையை ஒரே நிறம் வரும் வரை பிசைந்து சந்துக்குள் கட்டைவிரலால் அழுத்தித் திணித்தேன். பாக்கெட்டில் போட்டிருந்த நேரம் முழுக்க இறுகவிட்ட பிறகுதான் தண்ணீர் ஏற்றினேன்.

தயவுசெய்து குளத்தை முழுசாக வடித்துவிடாதீர்கள். மழைக்காலம் முடிந்து நிலத்தடியில் ஈரம் நிறைந்திருக்கும்போது காலிக் குளத்தைக் கீழிருந்து தண்ணீர் தூக்கிவிடும். அப்புறம், சாயம் எங்கேயும் உள்ளே போகவில்லை, மோட்டார் ஓடும்போது திரும்பி வரும் தண்ணீரில் காற்றுக் குமிழி வருகிறது என்றால் ஸ்கிம்மருக்கு அடியில் பைப் இணைப்பைப் பார்க்க வேண்டும். பைப்பை அடைத்து அழுத்தம் ஏற்றிச் சோதிக்கக் கருவி உள்ள ஆட்கள் இருக்கிறார்கள். சோதிக்காமலே தளத்தை உடைக்கச் சொல்கிறவரை நம்பாதீர்கள். தளத்தைக் கம்பியால் தட்டி, வெற்றுப் பானை மாதிரி சத்தம் வந்தால் மட்டும் தாமதிக்க வேண்டாம், அடியில் மண் அரித்துப் போயிருக்கிறது, நடப்பவர் காலோடு தளம் உள்ளே இறங்கும்.

ஒட்டிய பிறகு அதே வாளியை அதே படியில் வைத்துப் பார்த்தோம். உள்ளேயும் வெளியேயும் 6 மில்லிமீட்டர்தான். தங்கும் விடுதிகளுக்கு உரிமம் கொடுக்கும் பஞ்சாயத்துகள், குளம் நிரப்பும் பைப்பில் ஒரு தண்ணீர் மீட்டர் கட்டாயம் என்று கேட்டால் நன்றாக இருக்கும். அதுவரை குளம் வைத்திருப்பவர்கள் இந்த வாரமே ஃப்ளோட் வால்வை ஒரு நாள் மூடி, ஒரு வாளியை வைத்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்