தோள் விலகிய கையை இழுக்காமல் விட்டவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

எங்கள் ஊர்க் கபடிப் போட்டியின் அரையிறுதியில் கார்னர் ஆட்டக்காரர் ஒருவரின் வலது தோள்மூட்டு விலகியது. அந்தத் தம்பி இப்போது நலம். அன்று கைகொடுத்தவர்களுக்கு நன்றி சொல்லவும், அவர்கள் செய்தது ஏன் சரி என்பதை அடுத்து போட்டி நடத்துபவர்கள் தெரிந்துகொள்ளவும் இந்த மடல்.

முதல் நன்றி உடற்கல்வி ஆசிரியருக்கு. "ஒரு இழு இழுத்தா உக்காந்துரும்" என்று கூட்டத்திலிருந்து வந்த குரல்களை அவர் காதிலேயே வாங்கவில்லை. செயின் பிடித்து, அதாவது பக்கத்து ஆட்டக்காரரோடு கை கோத்து, நின்ற தம்பியின் கை, பாடி வந்த எதிரணிக்காரர் மோதிய வேகத்தில் பின்பக்கமாக முறுக்கிக்கொண்டு போனது. அப்படிப் போனால் மேற்கை எலும்பின் உருண்டைத் தலை கிண்ணத்தைவிட்டு முன்பக்கம் நழுவும். தோள் விலகலில் 100க்கு 95 இந்த வகைதான். கூடவே எலும்பும் உடைந்திருக்கலாம். எக்ஸ்ரே பார்க்காமல் இழுத்தால் விரிசல் முறிவாகிவிடலாம். அக்குளில் ஓடும் நரம்பும் ரத்தக்குழாயும் சேதமாகலாம். எண்ணெய் தடவி நீவுவதற்கும் இதே பதில்தான்.

பனியனைத் தலைவழியே கழற்றாமல் கத்தரியால் வெட்டினார். தோளின் உருட்சி போய், முனை துருத்திக்கொண்டு, அதன் கீழே பள்ளம் விழுந்திருந்தது. மணிக்கட்டில் நாடி பார்த்தார். விரல்களை விரித்து மடக்கச் சொன்னார். பிறகு தோள்முனைக்கு நான்கு விரற்கடை கீழே, மேற்கையின் வெளிப்பக்கத்தை விரல்நுனியால் தொட்டார். இடது கையிலும் அதே இடத்தைத் தொட்டு, "ரெண்டும் ஒண்ணுபோலத் தெரியுதா?" என்று கேட்டார். தோளைச் சுற்றி வரும் நரம்பு அடிபட்டால் அந்த இடம் மரத்துப்போகலாம். மைதானங்களில் யாரும் கேட்காத கேள்வி இது. பதிலையும் கேட்ட நேரத்தையும் சீட்டில் எழுதி 108 ஊழியரிடம் கொடுத்தார். மரப்பு விபத்தில் வந்ததா, மூட்டை ஏற்றும்போது வந்ததா என்ற குழப்பம் அதனால் வராது.

விரல் மோதிரத்தையும் சாமிக் கயிற்றையும் வீக்கம் வருமுன் எடுத்த தோழருக்கு நன்றி. கயிற்றை வெட்டியதற்கு வருந்த வேண்டாம்.

டீக்கடை அண்ணன் கொடுத்த இரண்டு துண்டில் ஒன்றைச் சுருட்டி, கை இருந்த நிலையிலேயே அக்குளுக்குக் கீழே தாங்கலாக வைத்தோம். உடம்போடு அழுத்திக் கட்டவில்லை. இன்னொன்றில் ஐஸைச் சுற்றி 15 நிமிடம் தோளில் வைத்தோம். தம்பிக்குக் குடிக்க நீட்டிய சோடாவை, வேண்டாம் என்றதும் அண்ணன் மறுபேச்சில்லாமல் திரும்ப எடுத்துப்போனாரே, அதற்குத் தனி நன்றி. மயக்க மருந்து தேவைப்பட்டால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

எலும்பு மருத்துவர் வெவ்வேறு கோணங்களில் எக்ஸ்ரே எடுத்து, முறிவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, மூட்டுக்குள் மரப்பு ஊசி போட்டார். படுக்கவைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி 90 டிகிரி மடக்கி, முன்கையை மெல்ல மெல்ல வெளிப்பக்கம் திருப்பினார். வலித்தால் அங்கேயே நிறுத்துவார். தசை தளர்ந்ததும் தொடர்வார். பலம் போடப் போட அந்தத் தசைகள் இறுகும், எலும்பு வெளியிலேயே நிற்கும். பத்து நிமிடத்தில் மூட்டு சத்தமில்லாமல் உள்ளே போனது. உடனே மறுபடி எக்ஸ்ரே, மறுபடி அதே தொட்டுப் பார்க்கும் சோதனை.

பிசியோதெரபி அம்மா மூன்று வாரம் ஸ்லிங் (கையைத் தாங்கும் தூளிக்கட்டு) என்றார். விரல், மணிக்கட்டு, முழங்கையை முதல் நாளே அசைக்கவைத்தார். பந்து எறிவதுபோலக் கையைத் தூக்கிப் பின்னே திருப்புவதற்கு ஆறு வாரம் தடை. பிறகுதான் ரப்பர் பட்டைப் பயிற்சி.

தம்பிக்கு வயது 19. இந்த வயதில் கிண்ணத்தின் விளிம்புச் சவ்வு கிழிந்திருந்தால் தோள் திரும்பத் திரும்ப விலகலாம். அதனால்தான் எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கிழிசல் பெரிதென்றால் நுண்துளை அறுவை சிகிச்சையில் தைக்க வேண்டியிருக்கும். "டேப் சுத்தி ஃபைனல்ல இறக்கலாம்" என்ற பேச்சை அங்கேயே நிறுத்திய அணித் தலைவருக்கும் நன்றி. இரண்டு தோளின் பலமும் சமமாகும்வரை, எப்படியும் சில மாதங்கள், தம்பி களத்துக்கு வெளியேதான்.

டீக்கடை அண்ணா, துண்டு இரண்டையும் துவைத்து வைத்திருக்கிறோம். சாயங்காலம் கொண்டுவந்து தருகிறோம்.

நன்றியுடன்,
போட்டிக் குழுவினர்