டி.வி. கேம் இசை: கோப்பின் மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய வீடியோ கேம் இசையைக் கணினியிலும் செல்போனிலும் கேட்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இப்படிப்பட்ட விஷயத்துக்கும் பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால், பாட்டு மெதுவாக ஓடினாலோ கரகரத்தாலோ கோப்பு கெட்டுவிட்டது, அழித்துவிட்டு வேறொன்றைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள் என்று அதில் சொல்லியிருந்த யோசனை தவறு. கோபிசெட்டிபாளையத்தில் டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அந்த யோசனையைப் படித்துவிட்டு நல்ல கோப்புகளை அழித்த கல்லூரிப் பிள்ளைகள் என் கடைக்கு வந்து நிற்கிறார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

1983-இல் ஜப்பானில் வெளிவந்த ஃபேமிகாம் சாதனத்தின் இசை, என்.எஸ்.எஃப். என்ற வகைக் கோப்புகளில் கிடைக்கிறது. அந்தக் கோப்புக்குள் பதிவு செய்த ஒலி எதுவும் பெரும்பாலும் இருக்காது. கேம் கேசட்டுக்குள் இருந்த இசை நிரலைத்தான் அப்படியே எடுத்து வைத்திருப்பார்கள். இசைக்கும் மென்பொருள், அந்தச் சாதனத்தின் பிராசசராகவும் ஒலிச் சுற்றாகவும் தானே நடித்து அந்த நிரலை ஓட்டுகிறது. நிரலில் ஓர் இடம் கெட்டால் பாட்டு பாதியில் நிற்கும், அல்லது கன்னாபின்னாவென்று அலறும். தாளம் பிசகாமல், ஆனால் நிதானமாகப் பாடுகிறது என்றால் கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது. மென்பொருள் எந்த நாட்டுச் சாதனமாக நடிக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

டேப் ரெக்கார்டரில் பெல்ட் தளர்ந்தால் வேகமும் சுருதியும் சேர்ந்தே இறங்கும். இங்கே இரண்டும் தனித்தனி. விநாடிக்கு எத்தனை முறை இசை நிரல் அழைக்கப்படுகிறது என்பது வேகத்தைத் தீர்மானிக்கிறது. ஜப்பான், அமெரிக்கச் சாதனங்களில் சுமார் 60 முறை. ஐரோப்பியச் சாதனங்களில் 50 முறை. எனவே 60-க்கு எழுதிய ஒரு நிமிடப் பாட்டு, 50-இல் 72 விநாடி ஓடும். சுருதியைத் தீர்மானிப்பதோ பிராசசரின் கடிகாரம். அது ஜப்பான் சாதனத்தில் 1.7898 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பியச் சாதனத்தில் 1.6626. ஒலிச் சுற்றுக்கு எந்தச் சுருதி வேண்டும் என்பதை நிரல் ஓர் எண்ணாகத்தான் சொல்லும். 253 என்ற எண்ணைக் கொடுத்தால் முதலாவதில் 440.4 ஹெர்ட்ஸ் வரும், இரண்டாவதில் 409.1. நம் கணக்கில் சொன்னால், ஆறு கட்டை ஐந்தரைக் கட்டைக்கும் கீழே போய்விடுகிறது. ஆகவே கடையில் யார் வந்து கேட்டாலும் முதலில் சுருதிப் பெட்டியை எடுக்கச் சொல்கிறேன். வேகம் குறைந்து சுருதியும் அரைச் சுரத்துக்கு மேல் இறங்கியிருந்தால், மென்பொருள் ஐரோப்பிய அமைப்பில் ஓடுகிறது. வேகம் மட்டும் குறைந்து சுருதி ஏறக்குறைய நின்றிருந்தால், அது வேறு கதை. அந்தக் கதைதான் நம் ஊர்க் கதை.

தொண்ணூறுகளில் பள்ளி விடுமுறைக்கு அப்புச்சி வீட்டுக்குப் போய் நம் பிள்ளைகள் விளையாடிய டி.வி. கேம்கள் பலவும் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த நகல்கள். அண்மையில் சத்தியமங்கலத்திலிருந்து ஒன்று பழுதுக்கு வந்தது. மூடியைக் கழற்றினேன். யு.ஏ.6527பி, யு.ஏ.6538 என்று இரண்டு நாற்பது கால் ஐ.சி.க்கள். பக்கத்தில் கடிகாரத் துடிப்பைத் தரும் கிரிஸ்டல், துடைத்துப் பார்த்தால் 26.6017 (மெகாஹெர்ட்ஸ்) என்று பொறித்திருந்தது. எங்கள் தொழிலில் 4.43 கிரிஸ்டலை அறியாதவர் இல்லை. நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் இருந்த பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறைக் கலர் டி.வி.யின் உயிரே அதுதான். அதைப் போல் சரியாக ஆறு மடங்கு இது. ஐரோப்பியச் சாதனம் இதை 16-ஆல் வகுத்துப் பிராசசருக்குத் தருகிறது. இந்த நகலோ 15-ஆல் வகுக்கிறது. விடை 1.7734 மெகாஹெர்ட்ஸ், ஜப்பான் கணக்குக்கு ஒரு சதவீதம்கூடக் குறைவில்லை. திரை நம் டி.வி.க்கு ஏற்ப விநாடிக்கு 50 முறை மாறும், இசை நிரலும் அதே கணக்கில் அழைக்கப்படும். சுருதி மட்டும் ஏறக்குறைய ஜப்பானுடையது. அதே 253 இங்கே 436.4 ஹெர்ட்ஸாக ஒலிக்கும். அந்தக் காலத்தில் இதைச் செய்தவர் யாராயிருந்தாலும் நல்ல மூளைக்காரர்.

இப்போது புரியும். பெருந்துறையில் வேலை பார்க்கும் ஒரு தம்பி, எந்த மென்பொருளில் கேட்டாலும் பாட்டு அவசரமாக ஓடுகிறது, இது நான் கேட்ட பாட்டு இல்லை என்று மனம் வருந்திச் சொன்னார். உங்கள் கட்டுரை அவருக்கு 'நினைவு மயக்கம்' என்று பெயர் வைத்திருக்கும். அவர் காது மிகச் சரி. அவர் கேட்டு வளர்ந்தது 50 முறை ஓடிய பாட்டு.

இன்னொன்றும் அவர் சொன்னார்: குரலே மாறியிருக்கிறது என்று. அதற்கும் காரணம் உண்டு. ஒலிச் சுற்றின் சதுர அலைகள் ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் எவ்வளவு நேரம் மேலே நிற்கின்றன என்பதைப் பொறுத்துக் குரல் மாறும். 25 சதவீதம் என்றால் மெலிந்து கூர்மையாக இருக்கும். 50 என்றால் உருண்டு திரண்டு வரும். நகலில் இருந்த யு.ஏ.6527பி ஐ.சி.யில் இந்த இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. இசையமைத்தவர் மெல்லிய குரல் கேட்ட இடத்தில் நம் பெட்டி திரண்ட குரலைத் தந்தது. என்.எஸ்.எஃப்.ப்ளே என்ற இலவச மென்பொருளில் 'டெண்டி' என்ற தேர்வு இருக்கிறது. ரஷ்யாவில் 1992 முதல் விற்ற, இதே கால அளவு கொண்ட நகலின் பெயர் அது. எல்லாப் பாட்டும் அந்தத் தேர்விலேயே ஓடும்படி வைத்து, அலை அகலங்களை இடம் மாற்றும் தேர்வையும் இயக்கி, அந்தத் தம்பியைக் கேட்கச் சொன்னேன். கேட்டவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

கரகரப்புக்கு வருகிறேன். நீண்ட சுரத்தை அசைக்கும்போது சிறு சொடுக்கு கேட்டால் அது பெரும்பாலும் அசலிலேயே உள்ளது: சுருதி எண்ணின் மேல் பகுதியை நிரல் மாற்றி எழுதும்போதெல்லாம் சதுர அலை முதலிலிருந்து தொடங்கும். அடித்தளச் சுரத்தைத் தரும் முக்கோண அலையும் 32 படிகளாலானது. அந்தச் சிறு முரமுரப்பு அதற்கு உரியது, வழுவழுப்பாக்கினால்தான் பொய். ஆனால் உச்சத்தில் ஏறும் சுரங்களுக்கு அடியில் சம்பந்தமில்லாத விசில் ஒன்று கேட்டால் அது மென்பொருளின் குற்றம். பிராசசர் வேகத்தில் மாறும் அலையை விநாடிக்கு 44,100 மாதிரிகளாகச் சுருக்கும்போது இடையில் வடிகட்டவில்லை என்று பொருள். டிரம் விழும்போது முக்கோண அலை சற்று அடங்குகிறதா என்றும் கவனியுங்கள். அசலில் அடங்கும், ஒலிகளை வெறுமனே கூட்டிவிடும் மென்பொருளில் அடங்காது.

இந்தத் திருத்தத்தை அதே இணைப்பில் வெளியிட வேண்டுகிறேன். கூடவே ஒரு விண்ணப்பம். புளியம்பட்டிச் சந்தையிலும் ஈரோட்டுப் பழைய இரும்புக் கடைகளிலும் இந்தப் பெட்டிகள் கிலோ கணக்கில் போய்க்கொண்டிருக்கின்றன. ஜப்பான் பெட்டியின் ஒலியைக் காக்க உலகெங்கும் ஆள் இருக்கிறார்கள். நம் வீட்டுப் பெட்டியின் ஒலியை நாம்தான் காக்க வேண்டும். பரணில் ஒன்று இருந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஓட்டிப் பதிவு செய்யுங்கள். டி.வி. ஸ்பீக்கர் முன்னால் செல்போனை வைக்க வேண்டாம். பெட்டியின் ஆடியோ சாக்கெட்டிலிருந்து வயர் இழுத்துக் கணினியின் லைன்-இன்னில் கொடுங்கள். மூடியைத் திறக்கத் தெரிந்தவர் கிரிஸ்டல் எண்ணையும் ஐ.சி. எண்களையும் படம் எடுத்து, பதிவோடு சேர்த்து வையுங்கள்.

இப்படிக்கு,
டி.வி. மெக்கானிக் ஒருவர்,
கோபிசெட்டிபாளையம்.