வார்டிலேயே பத்து நிமிடம்

அன்புத் தோழிக்கு,

கடிதம் கிடைத்தது. பிரசவ வார்டின் பயிற்சிப் பொறுப்பு உன் கைக்கு வந்ததில் எனக்கு மிகவும் சந்தோஷம். ஒதுக்கியிருக்கும் சொற்பப் பணத்தை மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் கொடுத்துத் தீர்த்துவிடாதே. மூன்று நர்சுகள் வகுப்புக்குப் போனால் அவர்கள் வேலையும் மிச்சமிருப்பவர்கள் தலையில் விழும். சான்றிதழ் ஃபைலில் இருக்கும். சில மாதத்தில் கைப்பழக்கம் போய்விடும். பிறந்த குழந்தைக்கு அம்பு பேக் பிடிப்பது, அதாவது பையைக் கையால் அமுக்கி மூச்சு கொடுப்பது, தினமும் வருகிற வேலையா என்ன?

டூட்டி மாறும்போது வாரம் ஒரு முறை வார்டிலேயே 10 நிமிடப் பயிற்சி போதும். பயிற்சிக்கான குழந்தைப் பொம்மையை அலமாரியில் பூட்டாமல், குழந்தையைக் கிடத்தும் மேசையிலேயே வை. துடைத்து, முதுகைத் தேய்த்தும் மூச்சு வரவில்லை என்றால், பிறந்த 60 நொடிக்குள் காற்று உள்ளே போக ஆரம்பிக்க வேண்டும். சளி இருக்கிறதோ இல்லையோ சக்‌ஷன் குழாயைத் தேடுவதில்தான் பாதி நேரம் போகிறது.

மாஸ்க் அளவு, நிறைமாதக் குழந்தைக்கு 1, சின்னக் குறைமாதக் குழந்தைக்கு 0. மோவாய், வாய், மூக்கு மூன்றும் மூட வேண்டும்; கண்ணில் படக்கூடாது. நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. ‘அமுக்கு, விடு, விடு’ என்று வாய்விட்டே எண்ணச் சொல். நெஞ்சு எழாவிட்டால் எல்லோரும் உடனே பலமாக அமுக்குவார்கள். பெரும்பாலும் காற்று மாஸ்க் ஓரமாகத்தான் கசிந்துகொண்டிருக்கும். மாஸ்கைத் திரும்ப வைத்து, தலையைச் சரிசெய்து, வாயைச் சுத்தம் செய்து, லேசாகத் திறந்த பிறகே கூடுதல் அழுத்தம்.

கழுவிக் கோர்த்த பேக்கை நம்பாதே. வால்வைத் தலைகீழாகப் போட்டுவிடுவதும் உண்டு, போடவே மறந்துவிடுவதும் உண்டு. மாஸ்கை உள்ளங்கையால் அடைத்து அமுக்கினால், அழுத்தம் விடும் வால்வு ‘புஸ்’ என்று திறக்க வேண்டும். விட்டதும் பை உடனே உப்ப வேண்டும். ஒவ்வொரு ஷிஃப்டும் இதில் ஆரம்பிக்கட்டும்.

மூத்த சிஸ்டர்கள் இளையவர்கள் முன்னால் தப்பு செய்யக் கூசுவார்கள். முதல் நாள் நீயே செய்து, இளையவளை விட்டு உன்னைத் திருத்தச் சொல். ரிஜிஸ்டரில் கையெழுத்து மட்டும் வாங்காதே. முதல் மூச்சுக்கு எத்தனை நொடி ஆயிற்று, யார் பார்த்தார்கள் என்பதையும் எழுது. லைசென்ஸ் புதுப்பிக்க இந்தப் பயிற்சி நேரம் கணக்கில் சேருமா என்று நர்சிங் கவுன்சிலிடம் எழுத்திலேயே கேட்டுவிடு.

அடுத்துப் பழக வேண்டியது மெக்னீசியம் சல்பேட், கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் போடும் மருந்து. 50% மருந்தில் 8 மில்லி, ஊசித் தண்ணீர் 12 மில்லி. 20 மில்லியில் 4 கிராம். இரவு டூட்டியில் தடுமாற வைப்பது இந்தக் கணக்குதான். உங்கள் மருந்து ஆம்பூலில் (கண்ணாடிக் குப்பியில்) எத்தனை சதவீதம் போட்டிருக்கிறது என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் தோழி