முதலில் கால், பிறகு பூ

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் திருமணச் சிறப்பு இணைப்பில், மணமக்கள் நிற்கும் அலங்கார வளைவுகளைப் பற்றி வெளிவந்த பக்கங்களைப் படித்தேன். படங்கள் கண்ணுக்கு நிறைவாக இருந்தன. எந்த நிறத்தோடு எந்த நிறம் சேரும் என்பதையும் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கியிருந்தார். ஆனால் அந்த வளைவுகள் எதன்மேல் நிற்கின்றன, எவ்வளவு எடையைத் தாங்குகின்றன, காற்றடித்தால் என்ன ஆகும் என்பது குறித்து ஒரு வரிகூட இல்லை. பல ஆண்டுகளாக இந்த அலங்கார வேலையைச் செய்துவருபவன் என்ற முறையில், விடுபட்டுப்போன அந்தப் பகுதியைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேண்டும்" என்கிறார்கள். வளைவு எங்கே நிற்கப்போகிறது என்று கேட்டால் பதில் வரச் சற்று நேரமாகிறது. கூரைக்கு அடியிலா, திறந்த வெளியிலா, தரை மண்ணா, சிமெண்டா, நிகழ்வு நடக்கும் நேரத்தில் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழும் என்பவை தெரியாமல் வளைவின் வடிவத்தைப் பற்றிப் பேசுவதே வீண். மண்ணிலோ புல்லிலோ முளை அடித்துக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிடலாம். சிமெண்ட் தரையில் அதற்கு வழியில்லாததால், அடித்தட்டை அகலமாக்கி அதன்மேல் மணல் மூட்டைகளை அடுக்கியே ஆக வேண்டும். மூட்டைகள் அழகைக் கெடுக்கின்றன என்று கடைசி நேரத்தில் எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. அவற்றை இலைகளால் மறைக்கலாமே தவிர எடுக்கக் கூடாது.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு மாலை நேரத் திருமணத்துக்குத் திறந்த வெளியில் நானே கைப்பட அமைத்த வளைவு, மழைக்கு முன்னால் வீசிய ஒரே வீச்சில், பின்னால் கட்டியிருந்த துணி பாய்மரம்போல் உப்பி, முன்வரிசை நாற்காலிகளின்மேல் சாய்ந்து விழுந்தது. விருந்தினர் வந்து அமர இன்னும் அரை மணி நேரம் இருந்ததால் யாருக்கும் காயமில்லை. அன்றிரவு உட்கார்ந்து போட்ட கணக்கை இன்றும் ஒவ்வொரு வேலைக்கும் போடுகிறேன். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காற்று, தன் எதிரே நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டர் பரப்பின்மீதும் ஏறத்தாழ 6 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. 2 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் உயரமும் கொண்ட வளைவு முழுவதையும் துணியால் அடைத்தால் அந்த விசை 30 கிலோவை நெருங்கிவிடும். அடித்தட்டு முன்னும் பின்னும் 30 சென்டிமீட்டர் மட்டுமே நீண்டிருந்தால், வளைவைச் சாயாமல் பிடிக்க 115 கிலோவாவது தேவை. அதையே 60 சென்டிமீட்டராக நீட்டினால் பாதி எடை போதும். காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்காகும் என்பதால், துணியை முழுவதும் இழுத்துக் கட்டாமல் இரு பக்கமும் தளரத் தொங்கவிட்டுக் காற்று புகுந்து போக இடம் விடுவதே புத்திசாலித்தனம்.

அளவிலும் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. சட்டத்தின் அகலத்தை அளக்கிறார்கள். பூவின் பருமனை மறந்துவிடுகிறார்கள். இரு பக்கமும் 20 சென்டிமீட்டர் பூ உள்ளே வந்தால், ஒன்றரை மீட்டர் சட்டத்தில் இருவர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். உயரமானவரின் தலைக்கு மேல் அரை மீட்டராவது இடம் இருக்கட்டும். வட்ட வளையம் படத்தில் அழகுதான், ஆனால் கால் பக்கம் குறுகுவதால் நீண்ட உடையின் ஓரம் அதில் மாட்டிக்கொள்ளும். முக்கோணமோ தலைப்பக்கம் குறுகுகிறது. எனக்கு நேரான சதுரச் சட்டமே பிடிக்கும். அலுப்பான வடிவம் என்பார்கள். பூ வைத்த பிறகு அந்த அலுப்பு யாருக்கும் தெரிவதில்லை.

இனி பூவைப் பற்றி. காம்புகளைச் செருகி வைக்கப் பயன்படும், பூக்காரர்கள் ஒயாசிஸ் என்று சொல்லும் பச்சை நிற ஃபோம் கட்டி 1954-இல் அறிமுகமானது. இன்று பல அலங்காரங்களுக்கு அதுவே அடித்தளம். செங்கல் அளவுள்ள ஒரு கட்டி ஏறத்தாழ இரண்டு லிட்டர் தண்ணீரைக் குடிக்கும். பத்துக் கட்டிகளை வளைவின் உச்சியில் கட்டினால் 20 கிலோவைத் தலையில் ஏற்றியதாகிவிடும். அது பீனால் பார்மால்டிஹைடில் செய்யப்படும் பிளாஸ்டிக் என்பதும் பலருக்குத் தெரியாது. அது நுண்துகள்களாக உதிர்ந்து நீர்வாழ் உயிரினங்களின் உடலுக்குள் போகிறது என்று மெல்போர்னின் ஆர்எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் எழுதினார்கள். இங்கிலாந்தின் ராயல் தோட்டக்கலைச் சங்கம் 2021 முதல் தன் மலர்க் கண்காட்சிகளில் அதற்குத் தடை விதித்தது. கம்பி வலையைச் சுருட்டிச் சட்டத்தில் கட்டி, அதில் காம்புகளைச் செருகி, தண்ணீர் தேவைப்படும் பூக்களுக்கு மட்டும் காம்பின் நுனியில் தண்ணீர் நிரப்பிய சிறு குழாய்களை மாட்டினால் வேலை கூடும். எடை பாதிக்கும் கீழே இறங்கும்.

சாமந்தி, கார்னேஷன், ஆர்க்கிட் ஆகியவை தண்ணீர் இல்லாமலும் நிகழ்வு முடியும்வரை முகம் வாடாமல் இருக்கும். ஹைட்ரேஞ்சியா வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே தலை தொங்கிவிடக்கூடும். லில்லி வைப்பதானால், உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளை முதலிலேயே கிள்ளிவிட வேண்டும். அந்தப் பொடி உடையில் பட்டால் கறை எளிதில் போகாது, ஈரத்துணியால் துடைத்தால் இன்னும் பரவும். பூவை எல்லா இடத்திலும் அடைக்க வேண்டியதும் இல்லை. வளைவின் ஒரு மேல் மூலையில் அடர்த்தியாகவும் எதிர்ப்பக்கக் காலின் அடியில் கொஞ்சமாகவும் வைத்து, இடையில் இலைக்கொடியை மட்டும் ஓடவிட்டால் பார்வை நடுவில் நிற்பவர்களிடம் வந்து சேர்கிறது. பூவும் பாதியாகக் குறைகிறது. சரவிளக்குகள் எல்இடியாகவே இருக்கட்டும். மெழுகுவர்த்தியைத் துணிக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

அடுத்த சிறப்பு இணைப்பில் இத்தகைய படங்களை வெளியிடும்போது, வளைவின் பின்புறத்தையும் அடித்தட்டையும் காட்டும் ஒரு சிறு படத்தையும், அகலம், உயரம், எடை ஆகிய மூன்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களிடம் அளவைப் பற்றியே பேச்சைத் தொடங்க எங்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
மேடை அலங்காரத் தொழிலில் உள்ள ஒரு வாசகர்