அதிவேக ரயிலும் ஓட்டுநர் அறைச் சமிக்ஞையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோலாலம்பூர்–சிங்கப்பூர் அதிவேக ரயில் திட்டத்துக்கு மீண்டும் உயிர் கொடுப்பது குறித்துத் தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். 2016 டிசம்பரில் கையெழுத்தாகி 2020 இறுதியில் காலாவதியான ஒப்பந்தத்தின் வரலாறும், ஏறத்தாழ 350 கிலோமீட்டரை 90 நிமிடங்களில் கடப்பதால் விளையும் நன்மைகளும் அதில் தெளிவாக விளக்கப்பட்டிருந்தன. செலவைப் பற்றியும் நில மதிப்பைப் பற்றியும் அவ்வளவு எழுதிய கட்டுரையாளர், அந்த ரயிலைக் கட்டுப்படுத்தப் போகும் சமிக்ஞை முறையைப் பற்றி ஒரு வரி கூட எழுதவில்லை. ரயில்வே சமிக்ஞைப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அக்குறையை ஓரளவு நிரப்ப விரும்புகிறேன்.

மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ரயில் ஒரு விநாடியில் 83 மீட்டர் ஓடிவிடுகிறது. பிரேக் போட்டால் அது நிற்பதற்கு மூன்று கிலோமீட்டருக்கும் மேல் தேவை. நம் மலேசியாவில் பெய்யும் அடைமழையில் பாதையோர விளக்கு 200 மீட்டர் தொலைவில்தான் கண்ணில் படுகிறது என்றால், அதைப் பார்க்க ஓட்டுநருக்கு இரண்டரை விநாடி கூடக் கிடைக்காது. பார்த்த பிறகும் நிறுத்த இடமிருக்காது. பிரிட்டனில் 1980களின் இறுதியில் கிழக்குக் கடற்கரைப் பாதையில் மின்னி மின்னி எரியும் பச்சை விளக்கை வைத்து 225 கிலோமீட்டர் வேகத்துக்கு முயன்று பார்த்தார்கள். முடிவில், 200 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டுமானால் சமிக்ஞை ஓட்டுநர் அறைக்குள்ளேயே வந்தாக வேண்டும் என்று கைவிட்டார்கள்.

ஜப்பான் இதை 1964இல் தோக்கியோ–ஒசாக்கா ஷின்கான்சென் அதிவேகப் பாதையைத் திறந்தபோதே செய்துவிட்டது. 1981இல் பிரான்ஸ், தண்டவாளத்தின் வழியாகவே மின்குறியீடுகளை அனுப்பி, அனுமதிக்கப்பட்ட வேகத்தை ஓட்டுநரின் கண்ணெதிரே காட்டியது. ஜெர்மனி தண்டவாளங்களுக்கு நடுவே நீண்ட கேபிளைப் பதித்தது. நாட்டுக்கொரு முறை என்றிருந்த நிலையை மாற்ற ஐரோப்பா உருவாக்கிய பொதுத் தரம்தான் இடிசிஎஸ் எனப்படும் ஐரோப்பிய ரயில் கட்டுப்பாட்டு முறை. இது நமக்குப் புதிதன்று. பட்டர்வொர்த் செல்லும் இடிஎஸ் மின்சார ரயிலுக்காகக் காத்திருப்போர் தண்டவாளங்களுக்கு நடுவே சற்றுக் கவனித்தால், ஸ்லீப்பர் கட்டைகளின் மீது பொருத்திய தட்டையான பெட்டிகளைக் காணலாம். ரயில் மேலே கடக்கும்போது அவை செய்தியைக் கொடுக்கின்றன. அது இடிசிஎஸ் முறையின் முதல் நிலை. ஒரு பெட்டியைக் கடந்தால் அடுத்த பெட்டி வரும் வரை புதிய செய்தி பெரும்பாலும் கிடைக்காது. மணிக்கு 140 கிலோமீட்டருக்கு அது தகும். இரண்டாம் நிலையில் கட்டுப்பாட்டு மையம் ரேடியோ வழியாக ரயிலோடு இடைவிடாமல் பேசிக்கொண்டே இருக்கும். ஓட்டுநரின் திரையில் வட்டமான வேகமானியும், அதன் விளிம்பில் அனுமதிக்கப்பட்ட வேகத்தைக் காட்டும் வளைகோடும், இடப்பக்கத்தில் இலக்கு நெருங்க நெருங்கக் குறுகும் தூரக்கோடும் இருக்கும். வேகம் வரம்பை மீறினால் முதலில் எச்சரிக்கை ஒலிக்கும். ஓட்டுநர் கேட்காவிட்டால் கணினியே பிரேக் போடும்.

இவ்வளவு நல்ல முறை இருந்தும் விபத்து எங்கே நேர்கிறது என்பதுதான் என் கவலை. 2013 ஜூலை 24 அன்று ஸ்பெயினின் சாந்தியாகோ நகருக்கு அருகே, 80 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய வளைவில் ஒரு ரயில் ஏறத்தாழ 180 கிலோமீட்டர் வேகத்தில் நுழைந்து தடம்புரண்டது. ஏறக்குறைய 80 உயிர்கள் போயின. அப்புதிய பாதையில் இடிசிஎஸ் பொருத்தப்பட்டிருந்தது. ஆனால் அது வளைவுக்குச் சில கிலோமீட்டர் முன்னதாகவே முடிந்துவிட்டது. போதாக்குறைக்கு அந்த ரயிலிலும் அது செயல்பாட்டில் இல்லை. வேகத்தைக் குறைக்கும் முழுப் பொறுப்பும், அந்நேரத்தில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்த ஒரே மனிதர்மீது விழுந்தது. அவரை மட்டும் குற்றம் சொல்லி முடித்துவிட என் மனம் ஒப்பவில்லை. அந்த இடத்தில் பாதுகாப்பை நிறுத்தி வரைபடம் வரைந்தவர்களும் பொறுப்பேற்க வேண்டும்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2021 மே 24 இரவு, கோலாலம்பூர் கேஎல்சிசி அருகே சுரங்கப் பாதையில் எல்ஆர்டி எனும் இலகு ரயில்கள் இரண்டு நேருக்கு நேர் மோதி 213 பயணிகள் காயமுற்றதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அவை ஓடிய கிளானா ஜெயா தடம் 1998 முதல் ஓட்டுநர் இல்லாமலேயே தானாக இயங்கி வருவது. மோதிய காலி ரயிலோ, பழுது காரணமாக, தானியங்கிக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டுக் கையால் ஓட்டப்பட்டுக்கொண்டிருந்தது. இரு நாடுகள், இரு வேறு ரயில்கள். எனினும் இயந்திரத்தின் காவல் விலகி மனிதன் கைக்கு ரயில் மாறிய இடத்தில்தான் இரண்டு விபத்துகளும் நடந்தன.

ஆகவே, அதிவேகப் பாதை எந்த நிறுவனத்தின் கைக்குப் போனாலும், பயணிகள் ரயில் ஓடும் எந்த ஒரு கிலோமீட்டரும், முனைய நிலையத்தின் குறைவேகப் பகுதி உட்பட, தானியங்கிப் பாதுகாப்பின்றி இருக்கக் கூடாது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட வேண்டும். பழுதான ரயிலைக் கையால் ஓட்டும்போது எவ்வளவு வேகம், யார் அனுமதி, எதிரே தடம் காலியாக இருப்பதை யார் உறுதிசெய்வது என்பனவும் முன்கூட்டியே வகுக்கப்பட்டு, பொதுமக்கள் படிக்கும்படி வெளியிடப்பட வேண்டும். எல்லை கடக்கும் பாதை என்பதால் இன்னொன்றும் உண்டு. பழைய திட்டத்தில் ரயில்களும் சமிக்ஞையும் முழுப் பாதைக்கும் ஒரே நிறுவனத்தின் பொறுப்பில் விடப்பட இருந்தன. தனியார் முதலீட்டில் புதிதாக வரும் திட்டம் அந்த ஒருமையைக் கைவிட்டால், ஜொகூர் நீரிணையின் நடுவிலேயே கட்டுப்பாடு கைமாறும் இடம் ஒன்றை நாமே உண்டாக்கியவர்களாவோம்.

நம்மூரில் நடக்கும் கேபிள் திருட்டையும் கணக்கில் எடுக்க வேண்டும். இரண்டாம் நிலையில் பாதையோரச் சமிக்ஞைக் கம்பங்கள் பெரும்பாலும் தேவைப்படாததால் வெட்டிச் செல்ல அங்கே கேபிள் குறைவாகவே இருக்கும். ஆனாலும் ரயில் எங்கே நிற்கிறது என்று கண்டறியும் கருவிகள் தண்டவாளத்தில்தான் இருக்கும், அவற்றுக்குக் காவலும் வேண்டும், பழுது நீக்கத் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளைகளும் வேண்டும். வெளிநாட்டுப் பொறியாளர் விமானமேறி வரும்வரை தடத்தை மூடிவைக்க முடியாது.

திட்டப் பொறுப்பாளர்களை அடுத்த முறை சந்திக்கும்போது, எந்தச் சமிக்ஞைத் தரம், அது எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடிகிறது என்ற கேள்வியைத் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு, கிடைக்கும் பதிலை அப்படியே வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்,
செந்தூல், கோலாலம்பூர்.