மஞ்சள் ஒட்டாத பத்திரிகை

அன்புள்ள பாண்டி,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை.

நீ எழுதியிருந்த, சுற்றுச்சூழலைக் கெடுக்காத டிசைன் பற்றிய கூட்டத்தில் சோயா எண்ணெயில் செய்த அச்சு மை, காட்டை அழிக்காமல் செய்ததாகச் சான்றிதழ் வாங்கிய வெளிநாட்டுக் காகிதம் என்றே பேசினார்களாமே. தப்பில்லை. ஆனால் என் டிசைன் கடைக்கு வருகிறவர் நோட்டீஸ் அடிக்கும் மாவு மில்காரர். அந்த விலையைச் சொன்னால் அடுத்த கடைக்குப் போய்விடுவார். கரூர் பக்கம் புகளூரில் தமிழ்நாடு அரசின் டி.என்.பி.எல். ஆலை கரும்புச் சக்கையில் காகிதம் செய்கிறதே, கப்பலில் வருவதற்கு அது என்ன குறைச்சல்?

உண்மையில் காகிதத்தைவிட அளவில்தான் விஷயம் இருக்கிறது. டெமி தாள் 18க்கு 23 அங்குலம். நோட்டீஸை 6க்கு 9 என்று போட்டு ஒரே திசையில் அடுக்கினால் ஒரு தாளில் ஆறுதான் விழும். அதற்கே தாளைக் கவ்வும் கிரிப்பருக்கு இடமில்லை என்று மெஷின்காரர் முனகுவார். ஐந்தரைக்கு எட்டரை என்றால் எட்டு விழும். பத்தாயிரம் நோட்டீஸுக்கு நானூறு தாளுக்கு மேல் மிச்சம். வாடிக்கையாளர் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, பில்லில் மட்டும் தெரியும்.

அப்புறம் கல்யாணப் பத்திரிகை. இப்போது எல்லோரும் மேட் லாமினேஷன் கேட்கிறார்கள். பழைய பேப்பர் கடையில் அதைத் தனியே தூக்கிப் போடுகிறார்கள், மேலே பிளாஸ்டிக் படலம் என்பதால். இதையெல்லாம் மாப்பிள்ளை வீட்டில் சொன்னால் எடுபடாது. "லாமினேஷன் போட்டால் மூலையில் தடவுகிற மஞ்சள் ஒட்டாமல் வழியும்" என்று பெரியம்மா காதில் விழும்படி சொல்வேன். அதோடு பேச்சு முடிந்தது!

ஃப்ளெக்ஸ் விஷயத்தில்தான் எனக்கு நம்பிக்கை குறைவு. பாலியஸ்டர் வலையும் பி.வி.சி.யும் ஒட்டிக் கிடப்பதை இங்கே பிரிக்க வழியில்லை, கொளுத்தினால் நச்சுப்புகை. மாட்டுக் கொட்டகைக் கூரைக்குப் போனால் அதுவே நல்ல கதி. எங்கள் தெருக் கோயிலுக்கு மட்டும் துணி பேனர் செய்து கொடுத்தேன். சாமி பெயரும் ஊர்ப் பெயரும் துணியில் நிரந்தரம். தேதிக்குத் தனியாக ஒரு துண்டு, நாடா கட்டித் தொங்கவிட. வருஷா வருஷம் துண்டை மாற்றினால் போதும். எழுதியவர் பழைய சுவர் ஆர்ட்டிஸ்ட். ஃப்ளெக்ஸ் வந்தபின் வீட்டுப் பெயின்டிங் வேலைக்குப் போனவர். 'ழ'வின் சுழியை ஒரே இழுப்பில் முடித்தார், தூரிகை எடுக்கவே இல்லை. ஆனால் இப்படித் துணியில் எழுதினால் ஃப்ளெக்ஸ் மாதிரி முகம் வராதே. காதுகுத்துக்கே தாய்மாமன் படம் கேட்கிற மதுரையில் முகமில்லாத பேனருக்கு யார் காசு கொடுப்பார், சொல்.

2021 டிசம்பரில் அரசு 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஆரம்பித்த பிறகு துணிப்பை ஆர்டர் வருகிறது. கடைப் பெயரைப் பெரிதாக அடித்த பையைச் சந்தையில் உட்புறம் வெளியே திருப்பிப் பிடிக்கிறார்கள். அதனால் ஒரே நிறத்தில் சின்னதாக, கீழ் ஓரத்தில் அடித்துத் தருகிறேன்.

அந்தச் சோயா மை உங்கள் ஊரில் கிலோ என்ன விலை என்று மட்டும் விசாரித்து எழுது. சித்திரைத் திருவிழாவுக்கு வருவதாக இருந்தால் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்கு முன்தினமே வந்துவிடு, அன்றைக்குப் பஸ் கிடைக்காது.

அன்புடன்,
செல்வம்